பிள்ளை பார்ப்பதும் தொழில்தான்: கூலி கேட்போம், கடதாசி கேட்போம்!



கண்டி டவுனில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் தோட்டத்தில் யாராவது ஒருவருடைய போன் அடிக்கிறது. "பிள்ள பாக்க ஒரு ஆள் வேணும். வீட்டோட தங்கணும். வாய் காட்டாத பிள்ளையா இருந்தா நல்லது." அனிவத்தையிலிருந்தும் வட்டப்புளுவையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் வரும் இந்த அழைப்புகள் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, பன்வில, ரங்கலை என்று நமது லயங்களைத் தேடி வருகின்றன. பேசுகிறவர் எல்லாம் விசாரிக்கிறார். வயது எத்தனை, நோய் நொடி உண்டா, கலியாணம் ஆனதா, அடையாள அட்டை இருக்கிறதா, நாளைக்கே பஸ் ஏறுவாளா. சம்பளத்தைப் பற்றி மட்டும், "அதெல்லாம் பாத்துச் செய்வோம்" என்கிறார்.

இந்தப் "பாத்துச் செய்வோம்" என்ற சொல்லுக்கு எதிராகவே இதை எழுதுகிறோம். டவுனில் பிள்ளை பார்க்கப் போவது கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே ஆள் தேடுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. பிள்ளை பார்ப்பது ஒரு தொழில். தொழில் என்றால் அதற்குக் கூலி, நேரம், ஓய்வு, எழுத்தில் ஒரு கடதாசி ஆகியவை உண்டு. இவை நான்கும் இல்லாமல் இனி ஒரு பிள்ளையும் பஸ் ஏறக்கூடாது.

பதினான்கு மணி நேரத்தின் கணக்கு

"சும்மா பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறதுதானே" என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளை பெற்ற எந்தத் தாயும் அப்படிச் சொல்லமாட்டாள். போத்தலைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, பால்மாவை அளந்து கரைப்பது, குளிப்பாட்டுவது, துணி அலசுவது, காய்ச்சல் வந்தால் நெற்றி தொட்டே சொல்வது, தடுப்பூசி நாளை நினைவில் வைப்பது, அழுகை பசியா வயிற்று வலியா என்று பிரித்து அறிவது, எல்லாம் கைப்பழக்கமும் அறிவும் சேர்ந்த வேலை. பிள்ளை தூங்குகிற நேரத்தில் கூட்டச் சொல்வார்கள், தேங்காய் துருவச் சொல்வார்கள், சட்டை மினுக்கச் சொல்வார்கள். இரவு ஒரு மணிக்குப் பிள்ளை அழுதால் எழும்புகிறவளும் அவள்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாய். அதற்குப் பிறகு வந்த எதையும் இங்கே சேர்க்காமலே பார்ப்போம். எட்டு மணி நேரத்துக்கு 1350 என்றால் ஒரு மணிக்கு 168 ரூபாய் 75 சதம். வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்ப்பவள் காலை ஆறு மணிக்கு எழும்பி இரவு எட்டு வரை நிற்கிறாள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பதினான்கு மணி நேரம். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கேட்காமல் சாதாரண விகிதத்தில் பெருக்கினாலே நாளொன்றுக்கு 2362 ரூபாய் 50 சதம் வருகிறது. மாதம் 26 நாளுக்கு 61,425 ரூபாய். ராத்திரி எழும்புவது இதில் சேரவில்லை.

தோட்டத்துச் சம்பளமே போதாது என்று தெருவில் இறங்கியவர்கள் நாம். 1000 ரூபாவுக்காக எத்தனை வருடம் சத்தம் போட்டோம், அது 2021 இல்தான் கைக்கு வந்தது. அந்தப் போதாத சம்பளத்தின் விகிதத்தில்கூட டவுன் வீடுகள் கொடுப்பதில்லை என்பது உங்கள் வீட்டிலிருந்து போன பிள்ளையைக் கேட்டால் தெரியும். "சாப்பாடு, தங்குமிடம் கொடுக்கிறோமே" என்பது அவர்களுடைய பதில். லயன் காம்பராவைக் காட்டி நமது கூலியைக் குறைத்த தொரைமாரிடமிருந்து நாம் நூறு வருடத்துக்கு மேல் கேட்ட அதே பதில்.

சட்டம் எந்த வாசலில் நிற்கிறது?

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படை. வீட்டு வேலைக்கென ஒரு சபை இன்றுவரை அமைக்கப்படவில்லை. கடையில் நிற்கும் பெண்ணுக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டி அது உள்ளே வராது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் தொழிலாளி எட்டு வீதமும் முதலாளி பன்னிரண்டு வீதமும் கட்ட வேண்டும். வீட்டு வேலைக்கு அது பொருந்தாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் வீட்டு வேலைக்காரரைப் பெயர் சொல்லியே ஒதுக்கிவைத்திருக்கிறது. இருபது வருடம் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டு வெளியே வருகிறவளின் கையில் ஒரு சேலைப் பையும் ஒரு "போய்ட்டு வா"வும்தான் மிச்சம்.

வீட்டு வேலைக்காரருக்கென்றே எழுதிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், கண்டிச் சீமையில் கோப்பி விளைந்த நாளில் வந்தது. வேலைக்கு வருபவன் யார், எப்படிப்பட்டவன் என்று பதிந்து வைப்பதே அதன் நோக்கம். எசமானின் வெள்ளிக் கரண்டி காணாமல் போகக்கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. வேலைக்காரியின் சம்பளமும் தூக்கமும் காணாமல் போவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது, வெள்ளைக்காரன் போய் நம்மவர் ஆட்சி வந்தது. அந்தக் கரண்டிக் கவலை மட்டும் இன்னும் போகவில்லை.

உலகம் இதிலே முன்னே போய்விட்டது. 2011 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் அமைப்பு 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றி, வீட்டுப் பணியாளரும் தொழிலாளரே என்றது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு, விளங்கும் விதத்தில் வேலை நிபந்தனைகள், சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. நம்மைப் போலவே பெண்களை வெளிநாட்டு வீடுகளுக்கு அனுப்பும் பிலிப்பைன்ஸ் அதை ஏற்றதோடு, தன் நாட்டு வீடுகளில் வேலை செய்பவர்களுக்கென 2013 இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2007 இலேயே வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைத்தார்கள். கொழும்பில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

ரியாத்துக்குக் கடதாசி, அனிவத்தைக்கு வாய்ச்சொல்

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. மூதூரின் ரிசானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 2005 இல், வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போட்டோடு சவூதிக்குப் போன அந்தப் பிள்ளையின் கையில் நாலு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். பச்சைப் பிள்ளையைப் பார்க்க அவளுக்கு யாரும் பழக்கவில்லை. குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்றாள், கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவளுடைய தலை வெட்டப்பட்டது. பயிற்சியும் வயதுச் சோதனையும் வெறும் கடதாசியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தச் சாட்சியைப் பார்த்தபிறகும், புசல்லாவையிலிருந்து அனிவத்தைக்குப் போகும் பிள்ளைக்குப் பயிற்சி கிடையாது, பதிவு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. கடலைத் தாண்டினால் ஒரு துண்டுக் கடதாசி, மகாவலியைத் தாண்டினால் அதுவும் இல்லை. நாளைக்கு ஒரு கண்டி வீட்டில் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தும் பயிற்சியும் கூலிக்காக மட்டும் கேட்பதில்லை. நம் பிள்ளையின் உயிருக்காகவும், அவள் கையில் இருக்கும் குழந்தையின் உயிருக்காகவும் கேட்கிறோம்.

மீண்டும் வந்திருக்கும் துண்டு

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. கங்காணி கொடுத்த முற்பணக் கடனைத் துண்டில் எழுதி, அந்தக் கடன் தீரும்வரை ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவிடாமல் கட்டிப்போட்டார்கள். 1921 இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இன்றைக்குத் தரகர் என்ற பெயரில் அது லயத்துக்குள் நடமாடுகிறது. வீட்டில் சாவு, சடங்கு, அடகு, கந்துவட்டி என்று ஒரு கஷ்டம் வரும் நேரம் பார்த்து வருகிறார். இரண்டு மாதச் சம்பளத்தை முன்னாலே கொடுக்கிறார். டவுன் வீட்டில் தன் பங்கை வாங்கிக்கொள்கிறார். போன பிள்ளை ஒரு வாரத்தில் "வர ஏலாம இருக்கு, கூட்டிக்கிட்டுப் போங்க" என்று போனில் அழுதால், "வாங்கின காசைக் குடுத்துட்டுக் கூட்டிக்கிட்டுப் போ" என்கிறார். துண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தரகர் வேற்றூர் ஆளாக இருந்தால் எதிர்ப்பது சுலபம். அநேகமாக அவர் நம்மில் ஒருவர். மாமா, சித்தி, முன்னாள் கங்காணி வீட்டு ஆள், சில இடங்களில் தோட்டத் தலைவர். எந்தச் சங்கத்துத் தலைவராக இருந்தாலும் சரி, ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர் தொழிலாளியின் தலைவர் இல்லை. தோட்டக் கமிட்டிகள் இதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

வயது விஷயத்தில் ஒரு சொல்லும் கூடக்குறையப் பேச இடமில்லை. 2021 ஜூலை 15 ஆம் திகதி, டயகமையிலிருந்து தரகர் மூலம் கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டுக்கு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மலையகம் முழுவதும் கொதித்தது. அதே வருடத்தில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்திருந்தது. அதன்பின் வீட்டு வேலையும் அபாயகரமான தொழில்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 18 வயது நிரம்பாத யாரையும் வீட்டு வேலைக்கு வைக்க முடியாது. பள்ளிக்கூடமோ 16 வயதுவரை கட்டாயம். "பிள்ளையோட பிள்ளையா விளையாடிக்கிட்டு இருக்கும்" என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 1929 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

"எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி"

நமக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் பார்த்துவிடுவோம்.

"நாங்க அவளை வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கோம்." நல்லது. வீட்டுப் பிள்ளை மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறது, உடம்பு சரியில்லாவிட்டால் படுத்துக்கிடக்கிறது, போனை யாரும் வாங்கி வைப்பதில்லை. இதெல்லாம் நம் பிள்ளைக்கும் உண்டா? அன்பு காட்டுகிற வீடுகள் உண்டு, நாங்கள் மறுக்கவில்லை. நோனாவின் மனம் மாறினால் அன்பும் மாறும். கடதாசியில் இருப்பது மாறாது.

"சட்டம் கடுமையானால் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள்." தோட்டத்தில் சேமலாப நிதி வந்தபோதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கேட்டபோதும் இதையே சொன்னார்கள். தேயிலைச் செடி வேரோடு எழும்பிப் போய்விடவில்லை. பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆள் தேவை, சட்டம் வந்தாலும் அந்தத் தேவை போகாது.

"அப்ப நாங்க பட்டினி கிடக்கிறதா?" இது நம்முடைய தாய்மாரின் கேள்வி. இதற்குத்தான் நாங்கள் அதிகம் தலைகுனிந்து காது கொடுக்கிறோம். கண்டிப் பக்கத்தில் காடாகிப்போன மலைகள் எத்தனை, வாரத்தில் மூன்று நாள் மட்டும் பேர் விழும் தோட்டங்கள் எத்தனை, அரச நிறுவனங்களின் கீழுள்ள தோட்டங்களில் சேமலாப நிதியே கட்டப்படாமல் நிலுவையாய்க் கிடப்பது எத்தனை பேருக்கு! டவுனுக்குப் போகாதே என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. போகிறவள் தொழிலாளியாகப் போக வேண்டும் என்பதே எமது பேச்சு. பட்டினியைக் காட்டி ஒருத்தி குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்தால் அடுத்த லயத்துக்காரிக்கும் அதுவே விலையாகிவிடும்.

அவள் பெற்ற பிள்ளையை யார் பார்ப்பது?

டவுனில் ஒரு பிள்ளையைத் தூங்கவைப்பவளுக்கு லயத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதை அம்மாயி பார்க்கிறாள், அல்லது பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய அக்காள் பார்க்கிறாள். ஒரு தாய் டவுனுக்குப் போனதால் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டால், அந்தச் சம்பளத்தில் அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை நம் கையிலேயே இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளைப் பார்க்க இடம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்பதை நமது முன்னோர் நிலைநாட்டியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் ஆயா மாதச் சம்பளம் வாங்குகிறாள், சேமலாப நிதி வாங்குகிறாள், பயிற்சி எடுக்கிறாள். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை நேரம் விட வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். பிள்ளை பார்ப்பது பொறுப்பான தொழில் என்று மலை உச்சியில் ஒப்புக்கொண்டதை, டவுன் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

டவுன் தாயையும் இங்கே நினைக்கிறோம். கண்டியில் ஆள் தேடுகிறவர்கள் எல்லோரும் பங்களாக்காரர்கள் இல்லை. ஆஸ்பத்திரி தாதி, பள்ளிக்கூட டீச்சர், வங்கியில் வேலை செய்பவர், கடையில் நிற்பவர் என்று பலர். சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ லீவு முடிந்தவுடன் பச்சைப் பிள்ளையை எங்கே விடுவது என்று அவர்களும் தவிக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்கம் ஒரு பிள்ளைக்காம்பரா கட்டிக் கொடுக்கவில்லை. அரசாங்கம் செய்யாததை ஒரு பெண் தனது சம்பளத்தில் செய்யப் பார்க்கிறாள், அந்தச் சுமையை இன்னொரு பெண்ணின் முதுகில் இறக்குகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கோபித்துக்கொண்டிருக்க, செய்ய வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆகவே டவுனிலும் பொதுப் பிள்ளைக்காம்பரா வேண்டும் என்று அந்தத் தாய்மாரோடு சேர்ந்தே கேட்போம்.

நாம் கேட்பவை

1. வீட்டுப் பணியாளருக்கெனச் சம்பள நிர்ணய சபை. எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் கூடுதல் கொடுப்பனவு, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு.

2. சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் வீட்டு வேலையும் உட்பட வேண்டும்.

3. பிரதேச செயலகத்தில் பதியப்படும் எழுத்து ஒப்பந்தம், அவரவர் மொழியில். தரகருக்குப் பதிலாகப் பொது வேலைவாய்ப்புப் பிரிவு.

4. 189 ஆம் சமவாயத்தை அரசாங்கம் ஏற்க வேண்டும். 1871 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வேண்டும்.

5. பிள்ளை பார்க்கும் வேலைக்கு இலவசப் பயிற்சியும் சான்றிதழும்.

6. தோட்டப் பிள்ளைக்காம்பராவில், தாய் தோட்டத்தில் பேர் பதியாமல் டவுனில் வேலை செய்தாலும் அவளுடைய பிள்ளையைச் சேர்க்க வேண்டும். கண்டி, கம்பளை, கட்டுகஸ்தோட்டை போன்ற டவுன்களில் அரசாங்கம் பிள்ளைக்காம்பராக்கள் திறக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள்: வீட்டு விலாசம், வீட்டுக்காரரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், என்னென்ன வேலை, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, மாதச் சம்பளம், எந்தத் திகதியில், எந்த நாள் லீவு, தூங்குவது எங்கே. இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். ஒரு பிரதி தோட்டக் கமிட்டியில் இருக்கட்டும். சம்பளம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்துக்கே போகட்டும். முற்பணம் வாங்காதீர்கள். அடையாள அட்டையையும் போனையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போய் விடுகிறவர் தரகராக இருக்கக்கூடாது, வீட்டு ஆள் ஒருவர் போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அடி, தொந்தரவு, கைவைக்கும் முயற்சி ஏதும் நடந்தால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்குச் சொல்லுங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

சங்கம் சேருங்கள். வீட்டுப் பணியாளர் சங்கம் அமைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலையகப் பெண்களின் முயற்சியால் வீட்டுப் பணியாளருக்கென்று ஒரு தொழிற்சங்கம் 2012 இலேயே பதிவாகிவிட்டது. அது எந்தச் சங்கத்தாரின் முயற்சி என்று பார்த்துப் பொறாமைப்பட இது நேரமில்லை. டவுனுக்குப் போன பெண் தோட்டத்துச் சந்தாப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டாள் என்பதற்காக அவள் நமது ஆள் இல்லாமல் போய்விடமாட்டாள். மாதர் கமிட்டிகள் ஒவ்வொரு லயத்திலும் யார் யார் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் அவர்கள் ஊர் வரும்போது கோயிலடியில் ஒரு கூட்டம் வைப்போம்.

அடுத்த முறை போன் அடிக்கும். "பிள்ள பாக்க ஒரு ஆள் வேணும்" என்பார்கள். "ஆள் இருக்கு. பதினெட்டு வயசு முடிஞ்ச ஆள். சம்பளம் எவ்வளவு, லீவு எந்த நாள், எழுதித் தருவீங்களா?" என்று நாம் கேட்போம். எழுதித் தரமாட்டோம் என்கிற வீட்டுக்கு ஹந்தானையிலிருந்தும் ஆள் வராது, ரங்கலையிலிருந்தும் வராது, புசல்லாவையிலிருந்தும் வராது.